‘கேஷ்’ என்பது நம்முடைய ‘காசு’தானா?

‘கேஷ்’ என்ற ஆங்கிலச் சொல் தமிழின் ‘காசு’விலிருந்து போனதுதானா என்று கேட்டிருக்கிறீர்கள். மகளின் பேச்சுப் போட்டிக்கு இதைச் சேர்க்கலாம் என்று இருந்தபோது, உடன் வேலை பார்ப்பவர் “அது லத்தீன் சொல், காசுக்கும் அதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை” என்று அடித்துச் சொல்லிவிட்டார் என்றும், யார் சொல்வது சரி என்று தெரிய வேண்டும் என்றும் எழுதியிருக்கிறீர்கள். இந்தக் கேள்விக்குள் இரண்டு கேள்விகள் இருக்கின்றன. இன்று உலகம் முழுக்கப் புழங்கும் கேஷ் எங்கிருந்து வந்தது என்பது ஒன்று. தமிழின் காசு ஆங்கிலத்துக்குள் எப்போதாவது நுழைந்ததா என்பது இன்னொன்று. முதலாவதில் உங்கள் நண்பர் சொன்னது சரி. இரண்டாவதில் நீங்கள் நினைத்தது சரி. ஆங்கிலத்தில் கேஷ் என்று, ஒரே எழுத்துக்கூட்டலில், பிறப்பால் தொடர்பில்லாத இரண்டு சொற்கள் உண்டு. இரண்டுமே பணத்தைக் குறித்ததால்தான் இத்தனை குழப்பம்.

நான் மொழியியல் படித்தவன். இருபது வருடத்துக்கு மேல் அகராதிப் பணியில் இருக்கிறேன், அதில் பெரும்பகுதி சொற்பிறப்புக் குறிப்புகள் எழுதுவதில் போயிருக்கிறது. அந்த வேலையில் முதல் நாளே சொல்லிக் கொடுப்பது, காதில் ஒரே மாதிரி விழுவதை நம்பாதே என்பதுதான். ஒரு சொல் எந்த ஆண்டில், எந்தப் பொருளில் முதன்முதலாக எழுத்தில் வருகிறது என்று பார்க்க வேண்டும். அந்த இரண்டு மொழிக்காரர்களும் அதற்கு முன் எங்கே சந்தித்தார்கள் என்று பார்க்க வேண்டும். ஒலி ஒற்றுமையை அதற்குப் பிறகு எடுத்துக்கொண்டால் போதும். உதாரணத்துக்கு, ஆங்கிலத்தின் ‘ஒன்’ நம் ‘ஒன்று’தான் என்று சொல்பவர்கள் உண்டு. பழைய ஆங்கிலத்தில் அந்தச் சொல் ‘ஆன்’. முன்னால் ஒட்டியிருக்கும் ‘வ’ போன்ற ஒலி சில நூற்றாண்டுகளுக்கு முன்புதான் வந்து சேர்ந்தது. அதே சொல்லிலிருந்து பிறந்த ‘அலோன்’, ‘ஒன்லி’ இரண்டிலும் இன்றுவரை அந்த ஒலி கிடையாது. பின்னோக்கிப் போகப் போக ஒற்றுமை கரைந்துவிடுகிறது. உண்மையான உறவாக இருந்தால் பின்னோக்கிப் போகும்போது அது தெளிவாக வேண்டும். கேஷையும் காசையும் இந்த முறையில்தான் பார்க்கப் போகிறேன்.

முதலில் இன்றைய கேஷ். இதன் வேர் லத்தீனின் ‘காப்சா’, அதாவது பெட்டி. பிடித்தல், கொள்ளுதல் என்ற பொருள்கொண்ட வினையிலிருந்து வந்த சொல் அது. இந்த வேரின் குடும்பம் பெரியது. பெட்டி, உறை என்ற பொருளில் வரும் ‘கேஸ்’ இதன் பிள்ளை. சின்னப் பெட்டி என்ற பொருளில் ‘காப்ஸ்யூல்’ வந்தது. பிரெஞ்சு வழியாகச் ‘சேஸிஸ்’, ‘கேசட்’ எல்லாம் வந்தன. இத்தாலியில் இந்தக் காப்சா ‘கஸ்ஸா’ ஆயிற்று, பிரெஞ்சில் ‘கேஸ்’ ஆயிற்று. இந்த இரண்டில் ஒன்றின் வழியாக, அல்லது இரண்டின் வழியாகவும், 1590களில் அது ஆங்கிலத்துக்குள் வந்தது. அப்போது அதன் பொருள் வியாபாரி பணம் போட்டு வைக்கும் பெட்டி. இத்தாலியா, பிரெஞ்சா எது நேரடி மூலம் என்பதில் அகராதிகளுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. பெட்டி என்பதில் வேறுபாடு இல்லை.

இங்கே ஓர் ஆண்டு எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. 1494. வெனிஸில் லூகா பச்சோலி என்ற கணித அறிஞரின் பெரிய நூல் அச்சானது. இரட்டைப் பதிவுக் கணக்கு முறையை அச்சில் விளக்கிய முதல் நூல் அதுதான். ஒரு வியாபாரி கணக்குப் புத்தகத்தைத் தொடங்கும்போது கையில் உள்ள பணத்தை எப்படி எழுத வேண்டும் என்று அதில் காட்டுகிறார். பணம் ‘கஸ்ஸா’ என்ற தலைப்பில் பற்று வைக்கப்படுகிறது, அதே தொகை மூலதனக் கணக்கில் வரவு வைக்கப்படுகிறது. பெட்டியை ஓர் ஆள் மாதிரி நினைத்துக்கொள்ள வேண்டும். உள்ளே போட்ட பணத்துக்கு அந்தப் பெட்டி வியாபாரிக்குக் கடன்பட்டிருக்கிறது. இன்று கணக்காளர்கள் எழுதும் ‘கேஷ் அக்கவுன்ட்’ இதன் நேர் வாரிசு. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் கால் வைத்தது 1498இல். பச்சோலியின் புத்தகம் அதற்கு நான்கு ஆண்டு மூத்தது. வெனிஸ் வியாபாரிகளின் கஸ்ஸாவோ அந்தப் புத்தகத்துக்கும் மூத்தது. கடல் வழியாகத் தமிழ்ச் சொல் ஐரோப்பாவுக்குப் போய்ச் சேருவதற்கு முன்பே, பணப்பெட்டி என்ற பொருளில் அந்தச் சொல் அங்கே கணக்கேடுகளில் உட்கார்ந்திருந்தது. உங்கள் நண்பர் பக்கம் இருக்கும் மிக வலுவான சான்று இதுதான்.

பெட்டி எப்படிப் பணம் ஆயிற்று என்று கேட்கத் தோன்றும். தமிழ் பேசுபவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ‘கல்லா’ என்றால் பணப்பெட்டி. ‘கல்லா கட்டியது’ என்றால் பெட்டியைக் கயிற்றால் கட்டியது என்று யாரும் புரிந்துகொள்வதில்லை, நல்ல வசூல் என்றுதான் புரிந்துகொள்கிறோம். கொள்கலத்தின் பெயர் உள்ளே இருப்பதற்கு ஆகிவருகிறது. நம் இலக்கணத்தில் இதற்கு இடவாகுபெயர் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பணம் சார்ந்த ஆங்கிலச் சொற்களில் இந்த ஆகுபெயர் திரும்பத் திரும்ப வருகிறது. ‘பட்ஜெட்’ ஒரு சின்னத் தோல் பையாக இருந்தது. ‘ஃபிஸ்கல்’ என்பதன் அடியில் இருப்பது லத்தீனில் கூடை. கேஷும் இந்த வரிசைதான். சுமார் ஒரு நூற்றாண்டுக்கு மேல் பெட்டி, பணம் என்ற இரண்டு பொருளும் சேர்ந்தே நடந்தன. 18ஆம் நூற்றாண்டில் பெட்டி மறைந்து பணம் மட்டும் நின்றது. இப்போது ஆங்கிலேயர் ஒருவரிடம் கேஷ் என்றால் பெட்டி என்று சொன்னால் அவரே ஆச்சரியப்படுவார்.

சரி, இனி உங்கள் பக்கம். இது எனக்கு இன்னும் பிடித்த பகுதி.

போர்ச்சுக்கீசியர் வந்து பன்னிரண்டு ஆண்டுகளுக்குள், 1510இல், லுடோவிகோ தி வர்த்தேமா என்ற இத்தாலியரின் பயண நூல் ரோமில் அச்சானது. தென்னிந்தியா பற்றிய பகுதிகளில் ‘காஸ்’ என்ற நாணயத்தைச் சொல்கிறார். கோழிக்கோட்டில் குரங்குகள் ஏராளம், ஒரு குரங்கின் விலை நான்கு ‘கஸ்ஸே’ என்று ஓரிடத்தில் எழுதுகிறார். அவர் காதில் விழுந்த சொல் காசு என்பதில் ஐயமே இல்லை. ஆனால் எழுத்தைக் கவனியுங்கள். இத்தாலியில் பெட்டிகள் என்று எழுத வேண்டுமானாலும் ‘கஸ்ஸே’ என்றுதான் எழுத வேண்டும். அதாவது முதல் சந்திப்பிலேயே நம் சொல் அவர்களுடைய பெட்டியின் சட்டையைப் போட்டுக்கொண்டு நிற்கிறது. போர்ச்சுக்கீசியரும் இதையே செய்தார்கள். அவர்கள் மொழியில் பெட்டிக்கு ‘காய்ஷா’ என்று பெயர், அதுவும் அதே லத்தீன் காப்சாவின் பிள்ளைதான். காசு என்று கேட்டதைத் தங்களுக்குப் பழக்கமான அந்தச் சொல்லாலேயே எழுதினார்கள். அவர்கள் முதலில் இறங்கியது மலபார்க் கரை. அங்கே இந்தச் சொல்லின் நடு ஒலி தமிழ்ச் சகரத்தைவிட ஷகரத்துக்குச் சற்றுக் கிட்ட இருக்கும். அதுவும் உதவியிருக்கலாம். தெரியாத சொல்லைத் தெரிந்த சொல்லின் அச்சில் வார்ப்பது எல்லா மொழியிலும் நடப்பதுதான்.

அந்தக் காய்ஷாதான் ஆங்கிலத்துக்குப் போனது. 1598ஆம் ஆண்டை எடுத்துக்கொள்ளுங்கள். அந்த ஒரே ஆண்டில் லண்டனில் இரண்டு புத்தகங்கள் வெளிவந்தன. ஒன்று ஜான் ஃபுளோரியோவின் இத்தாலி–ஆங்கில அகராதி. அதில் கஸ்ஸா என்ற சொல்லுக்குப் பெட்டி என்று பொருள் கொடுத்துவிட்டு, வியாபாரியின் கேஷ் என்றும் சேர்க்கிறார். மற்றொன்று லின்ஸ்கோட்டன் என்ற டச்சுக்காரரின் கீழை நாட்டுப் பயண நூலின் ஆங்கில மொழிபெயர்ப்பு. சுந்தா நாட்டில், அதாவது ஜாவாத் தீவின் மேற்குப் பகுதியில், காய்ஷா என்ற சிறு செப்பு நாணயத்தைத் தவிர வேறு பணம் இல்லை என்றும், நடுவில் துளை இருக்கும், இருநூறு அல்லது ஆயிரம் என்று கயிற்றில் கோத்து வைத்துக்கொள்வார்கள் என்றும் அதில் வருகிறது. ஒரே ஊர், ஒரே ஆண்டு, இரண்டு கேஷ். ஒன்று இத்தாலி வியாபாரியின் மேசையிலிருந்து வந்தது. மற்றது தென்னிந்தியக் கடைத்தெருவில் கிளம்பி, போர்ச்சுக்கீசியர் வாயில் உருமாறி, ஜாவா வரை போய், டச்சுக்காரர் கை வழியாக லண்டன் வந்தது. அகராதி வேலையில் இப்படி ஒரு பொருத்தம் கண்ணில் படும் நாள் பெரிய நாள்.

இந்த இரண்டாவது கேஷ் பேச்சு வழக்கோடு நின்றுவிடவில்லை. கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னை நாணய முறையில் அதிகாரபூர்வ அலகாகவே இருந்தது. 80 கேஷ் ஒரு ‘பணம்’ என்ற சிறு நாணயம், 42 பணம் ஒரு நட்சத்திர வராகன் என்ற பொன் நாணயம். கணக்குப் போட்டால் ஒரு வராகனுக்கு 3,360 கேஷ். 1818இல் ரூபாய்க் கணக்குக்கு மாறும் வரை இந்த முறை ஓடியது. திருவிதாங்கூரில் அதற்கும் பின்னால் இருந்தது. 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய் என்ற கணக்கில், கேஷ் என்று ஆங்கிலத்தில் பொறித்த செப்பு நாணயங்கள் 20ஆம் நூற்றாண்டிலும் அங்கே வெளிவந்தன.

கம்பெனியின் 1808ஆம் ஆண்டு இருபது காசு ஒன்று என்னிடம் இருக்கிறது. எழுதும்போது பக்கத்தில்தான் வைத்திருக்கிறேன். ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் அகலம், கையில் கனமாகவே இருக்கும் செம்பு. ஒரு பக்கம் சிங்கங்கள் தாங்கிய கம்பெனிச் சின்னமும் ஆண்டும். திருப்பினால் பாரசீக எழுத்தில் ‘இருபது காஸ் நான்கு ஃபுலூஸ்’ என்ற வாசகம். அதன் அடியில் ரோமன் எண்ணில் இருபது, அதையொட்டி ஆங்கிலத்தில் கேஷ். ஒரே முகத்தில், ஒரே சொல், இரண்டு உச்சரிப்பில் இருக்கிறது. பாரசீக எழுத்தில் இருப்பது நம் வாய்க்கு நெருக்கமானது. ஆங்கில எழுத்தில் இருப்பது போர்ச்சுக்கீசியப் பெட்டிக்குள் போய் வந்தது. இங்கிலாந்தின் பர்மிங்காமுக்குப் பக்கத்தில் இருந்த சோஹோ நாணயச்சாலையில் அடித்தது இது. இதே வகை நாணயங்களைச் சுமந்துகொண்டு கிளம்பிய ‘அட்மிரல் கார்ட்னர்’ என்ற கப்பல், 1809 ஜனவரியில் இங்கிலாந்துக் கரையை விட்டு விலகுவதற்கு முன்பே குட்வின் மணல்திட்டில் மோதி மூழ்கியது. 1980களில் முக்குளிப்பவர்கள் அதிலிருந்து லட்சக்கணக்கில் இந்தச் செம்புக் காசுகளை எடுத்தார்கள். சேகரிப்பாளர்களிடம் இவை இன்று எளிதாகக் கிடைப்பதற்கு அதுதான் காரணம். மகளுக்குக் காட்ட வேண்டுமென்றால் நாணயக் கண்காட்சி எதிலாவது கேட்டுப் பாருங்கள்.

சொல்லின் பயணம் இந்தியாவோடு நிற்கவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜாவாவில் லின்ஸ்கோட்டன் சொல்லும் துளையிட்ட நாணயம் சீன மரபைச் சேர்ந்தது. போர்ச்சுக்கீசியர் கீழை நாடுகளில் கண்ட சின்னச் செப்புப் பணத்துக்கெல்லாம் காய்ஷா என்றே பெயர் கொடுத்தார்கள். ஆங்கிலேயரும் அப்படியே தொடர்ந்தார்கள். அதனால் நடுவில் சதுர ஓட்டை போட்ட சீன நாணயத்துக்கு ஆங்கிலத்தில் இன்றும் கேஷ் என்றுதான் பெயர். சீன மொழியில் அந்த நாணயத்துக்குச் சொந்தப் பெயர் இருக்கிறது, அதில் காசு என்ற ஒலியே கிடையாது. உலக அருங்காட்சியகங்களில் சீன நாணயங்களின் கீழே எழுதியிருக்கும் ‘கேஷ்’ என்ற பெயர்ச்சீட்டு தென்னிந்தியாவிலிருந்து போன சொல். தமிழின் பயணத்தைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் பேச வேண்டியது இதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. சான்றும் முழுமையாக இருக்கிறது.

இரண்டு கேஷும் ஒன்றையொன்று பாதித்தனவா? இங்கேதான் உறுதியான தரை முடிகிறது. கீழை நாட்டு நாணயத்தின் பெயர் ஆங்கிலத்தில் காஸ், காக்ஸே என்றெல்லாம் பல விதமாக எழுதப்பட்டுக் கடைசியில் கேஷ் என்று நிலைபெற்றதற்கு, ஏற்கெனவே வீட்டில் இருந்த பெட்டிக் கேஷின் எழுத்துக்கூட்டல் காரணம் என்பதைப் பெரும்பாலான அகராதிகள் ஏற்கின்றன. அது நியாயமாகவும் தெரிகிறது. மறுபக்கம், பெட்டிக் கேஷ் ‘பெட்டி’ என்ற பொருளை உதறிவிட்டுப் பணமாக மட்டும் நின்றதற்கு நம் காசு ஒரு தள்ளு கொடுத்ததா என்று சிலர் கேட்பதுண்டு. நடந்திருக்க வாய்ப்பில்லாதது அல்ல. கம்பெனிக் காரியஸ்தர்களின் காதில் இரண்டும் ஒன்றாகத்தான் விழுந்திருக்கும். ஆனால் இத்தாலியிலும் மற்ற ஐரோப்பிய மொழிகளிலும் காசின் உதவி இல்லாமலே அந்தப் பெட்டிச் சொல் கைப்பணத்தைக் குறித்திருக்கிறது. உதவி இல்லாமலே நடக்கக்கூடிய ஒன்றுக்கு உதவி நடந்தது என்று அகராதிக் குறிப்பில் நான் எழுத மாட்டேன்.

இரண்டையும் பிரித்தறிய ஒரு எளிய வழி இலக்கணத்தில் இருக்கிறது. பெட்டியிலிருந்து வந்த கேஷை எண்ண முடியாது. ‘ஒரு கேஷ்’, ‘ஐந்து கேஷ்’ என்று ஆங்கிலத்தில் சொல்வதில்லை. தண்ணீர் மாதிரி அது அளவுக்கு உரியது: கொஞ்சம் கேஷ், நிறைய கேஷ். நாணயத்துக்கு உரிய கேஷை எண்ணலாம், எண்ணும்போது பன்மை விகுதியும் சேராது. என்னிடம் உள்ள நாணயத்தில் ‘இருபது கேஷ்’ என்று ஒருமை வடிவத்தில்தான் இருக்கிறது. நம் காசையும் எண்ணலாம். ‘நாலு காசு சம்பாதிக்கணும்’, ‘பத்துக் காசுக்குப் பெறாது’ என்கிறோம். ஒரு பழைய ஆங்கில ஆவணத்தில் கேஷ் என்று வந்தால், முன்னால் எண் இருக்கிறதா என்று பாருங்கள். பெரும்பாலும் அதுவே எந்தக் கேஷ் என்று காட்டிக்கொடுத்துவிடும்.

இன்றைய பயன்பாட்டைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். அன்றாடப் பேச்சில் கேஷ் என்றால் நோட்டும் நாணயமும். கார்டுக்கும் காசோலைக்கும் கடனுக்கும் எதிர்ப்பதம். தமிழில் இதற்கு மிகப் பொருத்தமான சொல் ‘ரொக்கம்’. இந்தி, மராத்தியில் உள்ள ரோகட் என்ற சொல்லின் உறவுக்காரச் சொல் அது. ‘காசு’ என்று மொழிபெயர்த்தால் பல இடங்களில் பொருந்தாது, ஏனென்றால் நாம் காசு என்பதை மொத்தமாகப் பணம் என்ற பொருளில் சொல்கிறோம். வங்கியில் இருந்தாலும் அது காசுதான். கணக்கியலில் கேஷ் என்ற சொல் இன்னும் விரிந்திருக்கிறது. கேட்டவுடன் எடுக்கக்கூடிய வங்கி இருப்பும் அதில் அடங்கும். கேஷ் ஃபுளோ என்னும்போது நோட்டுக் கட்டை யாரும் நினைப்பதில்லை, வரவும் செலவும் ஓடும் ஓட்டத்தைத்தான் நினைக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கேஷ் வினைச்சொல்லாகவும் ஆனது. காசோலையைப் பணமாக மாற்றுவது அதன் முதல் பொருள். அப்புறம் அதிலிருந்து வாய்ப்பைப் பயன்படுத்தி லாபம் பார்ப்பது என்ற பொருள் கிளைத்தது.

உங்கள் கேள்வியில் நேரடியாக இல்லாவிட்டாலும், காசு என்ற சொல்லே எங்கிருந்து வந்தது என்று போட்டி நடுவர் யாராவது கேட்கலாம். சங்கப் பாடல்களில் காசு என்பது முதன்மையாக நாணயமில்லை, பொன்மணி. குறுந்தொகையின் 67ஆம் பாடலில் ஒரு கிளி தன் வளைந்த அலகில் வேப்பம்பழத்தைக் கவ்வியிருக்கிறது. புது நூலில் கோப்பதற்காகப் பொற்காசு ஒன்றைக் கூர் நகத்தால் பிடித்திருப்பது போல அது இருக்கிறதாம். வேப்பம்பழத்தின் வடிவத்தையும் மஞ்சளையும் நினைத்துப் பாருங்கள். காசு அப்போது உருண்டையான பொன்மணியாக இருந்திருக்கிறது. வெண்பாவின் கடைசிச் சீருக்கு நாள், மலர், காசு, பிறப்பு என்று வாய்பாடு படிப்போமே, அந்தக் காசும் இதுதான்.

7ஆம் நூற்றாண்டுக்கு வந்தால் பொருள் தெளிவாக நாணயம். திருவீழிமிழலையில் சம்பந்தர் “வாசி தீரவே காசு நல்குவீர்” என்று பாடுகிறார். வாசி என்பது நாணயத்தை மாற்றும்போது கழித்துக்கொள்ளும் வட்டம். வட்டம் பிடிக்காத நல்ல காசாகக் கொடு என்று கேட்கிறார். லண்டனில் அந்த இரண்டு புத்தகங்கள் வருவதற்குச் சுமார் 900 ஆண்டுக்கு முன்பே இங்கே காசின் மாற்று மதிப்பைப் பற்றிய பேச்சு நடந்திருக்கிறது. சோழர் காலத்தில் தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் காசு பொன் நாணயம். ஒரு காசுக்கு ஆண்டுக்கு அரைக்கால் காசு பொலிசை என்று வட்டிக் கணக்கு வருகிறது. அரைக்கால் எட்டில் ஒன்று, அப்படியென்றால் பன்னிரண்டரை சதவீதம். பிறகு பொன் போய்ச் செம்பாகி, மிகச் சிறிய நாணயத்தின் பெயராக இறங்கியது. ஐரோப்பியர் வந்தபோது கண்டது இந்த இறங்கிய காசைத்தான்.

வேர் பற்றி அறிஞர்கள் இரண்டு பட்டிருக்கிறார்கள். சமஸ்கிருதத்தில் கர்ஷம் என்று ஓர் எடை அளவு உண்டு. கார்ஷாபணம் என்ற பழைய நாணயப் பெயர் அதிலிருந்து வந்தது. யூலும் பர்னெலும் 1886இல் வெளியிட்ட ஆங்கிலோ-இந்தியச் சொல்லகராதி காசை இந்தக் கர்ஷத்தோடு இணைக்கிறது. ரகரம் விழுந்து முன் உயிர் நீள்வது பிராகிருதத்தில் வழக்கமான மாற்றம்தான், ஆகவே ஒலி வழியில் தடையில்லை. மறுபுறம் பரோவும் எமனோவும் தொகுத்த திராவிடச் சொற்பிறப்பு அகராதி கன்னடம், தெலுங்கு, துளு, மலையாளம் என்று எல்லா மொழிகளிலும் இந்தச் சொல்லைக் காட்டுகிறது. நீலகிரித் தோடர் மொழியில்கூட இருக்கிறது, அங்கே அது ரூபாய். தமிழில் மணி என்ற பொருள் இத்தனை பழையதாக இருப்பதும், எடை என்ற பொருள் எங்கும் வராததும் என்னைத் திராவிட வேர் பக்கம் சாய்க்கின்றன. இது என் சாய்வு மட்டுமே, தீர்ப்பு இல்லை. மேடையில் இதை முடிந்த விஷயமாகச் சொல்லச் சொல்ல மாட்டேன்.

இன்னொரு சிறு எச்சரிக்கை. கேஷ் என்று தொடங்கும் மற்ற சொற்களையும் இந்தக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். முந்திரிக்கான ‘கேஷ்யூ’ பிரேசில் நாட்டுத் துப்பி மொழியில் பிறந்து போர்ச்சுக்கீசியம் வழி வந்தது. ‘கேஷ்மியர்’ காஷ்மீரத்தின் பெயர். ‘கேஷியர்’ நம் பெட்டிக் குடும்பம்தான். ஆனால் ராணுவ அதிகாரியை அவமதிப்போடு பதவி நீக்குவதற்கும் அதே எழுத்தில் ஒரு வினைச்சொல் இருக்கிறது, அது உடைத்தல், ரத்து செய்தல் என்ற பொருளுடைய வேறு பிரெஞ்சுச் சொல்லிலிருந்து டச்சு வழியாக வந்தது.

மகளின் பேச்சுக்கு இப்படி எழுதிக் கொடுக்கலாம்: “ஆங்கிலத்தில் இன்று ரொக்கத்தைக் குறிக்கும் கேஷ், பெட்டி என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. ஆனால் அதே ஆங்கிலத்தில் நாணயத்தைக் குறித்த இன்னொரு கேஷ் உண்டு. அது காசு என்ற நம் சொல். கம்பெனியின் நாணயத்தில் அது பொறிக்கப்பட்டது. சீன நாணயங்களின் ஆங்கிலப் பெயராக அது இன்றும் வாழ்கிறது.” நான்கைந்து வாக்கியம்தான், ஒவ்வொன்றுக்கும் ஆண்டோடு சான்று இருக்கிறது. நேரம் இருந்தால் வேப்பம்பழம் கவ்விய கிளியையும் சேர்த்துக்கொள்ளட்டும்.